மார்ச் போன சிப்பாயும் மாரத்தான் போன நானும்

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம், அதான் மூணு மாசமா எதுவும் எழுதலைன்னு சொன்னா நம்பிடுவீங்க. ஆனா நிஜக் காரணம் அது இல்லை. கால். இடது கால், முழங்காலுக்குக் கீழ, உள்பக்கம். ஓடப் போறேன் பேர்வழின்னு கிளம்பி, எலும்பைப் பதம் பார்த்துட்டு, பத்து வாரம் வீட்டுல உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்த நேரத்துல சும்மா இருக்காம, இந்த வலியோட வரலாற்றைத் தேடித்தேடிப் படிச்சேன். படிச்சதுல என் முட்டாள்தனத்துக்கு நூத்தி அம்பது வருஷத்துக்கு மேல பாரம்பரியம் இருக்குன்னு தெரிஞ்சுது. ஒரு ஆறுதல்தான் :-)

முதல்ல சொந்தக் கதை. டீம்ல நாலு பேர் சேர்ந்து அரை மாரத்தானுக்குப் பேர் கொடுத்தோம். 21.1 கிலோமீட்டர். அதுவரைக்கும் நான் அதிகபட்சம் ஓடினது பஸ்ஸைப் பிடிக்கத்தான். ஆறே வாரத்துல, வாரத்துக்கு 3 கிலோமீட்டர்ங்கறதுல ஆரம்பிச்சு 30 கிலோமீட்டர் வரைக்கும் போயிட்டேன். காலைல அஞ்சரைக்கு பெசன்ட் நகர் பீச் ரோடு, ராத்திரி ஒரு மணி வரைக்கும் அமெரிக்காக்காரனோட கால். அஞ்சாவது வாரம் வலி ஆரம்பிச்சுது. ஓட ஆரம்பிக்கும்போது வலிக்கும், கொஞ்சம் சூடானதும் போயிடும். "ஷின் ஸ்ப்ளின்ட், எல்லாருக்கும் வரும்"னு டீம்ல ஒருத்தன் தீர்ப்பு சொல்லிட்டான். பக்கத்துல ஒரு கிளினிக்ல எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துட்டு, "எலும்புல ஒண்ணும் இல்ல, ஐஸ் வைங்க"ன்னாங்க. எக்ஸ்ரே நார்மல்! எனக்கு லைசென்ஸ் கிடைச்ச மாதிரி ஆயிடுச்சு. நாலாம் நாள் 12 கிலோமீட்டர் ஓடினேன். கடைசி கிலோமீட்டர் நொண்டிக்கிட்டே வந்து, ஆட்டோ பிடிச்சு வீட்டுக்கு வந்தேன். அன்னிக்கு ராத்திரி படுத்திருக்கும்போதே வலிச்சுது.

எக்ஸ்ரேல ஒண்ணுமே இல்லையே, அப்புறம் எப்படின்னு கேக்கறீங்கதானே? நானும் அதைத்தான் கேட்டேன். பதில் தெரியணும்னா பிரஷ்யாவுக்குப் போகணும்.

1855. ப்ரைட்ஹாப்ட்னு ஒரு பிரஷ்ய ராணுவ மருத்துவர். புதுசாப் படைல சேர்ந்த பசங்க நீண்ட தூரம் மார்ச் பண்ணிட்டு வந்தா, சில பேருக்குப் பாதம் வீங்கிப் போகுது, வலில நடக்க முடியலை. யாரும் கீழே விழலை, எதுலயும் இடிச்சுக்கலை, குண்டடியும் படலை. வெறும் நடைதான். அவர் இதைக் கவனமா எழுதி வெச்சார். ஆனா காரணம் எலும்புன்னு அவருக்குத் தோணலை, தசைநாரைச் சுத்தி இருக்கற உறைல அழற்சின்னு நெனச்சார். அவரைத் தப்பு சொல்ல முடியாது. உயிரோட இருக்கற மனுஷனோட எலும்பைத் தோலுக்கு வெளிய இருந்து பார்க்க அன்னிக்கு வழியே கிடையாது.

நாப்பது வருஷம் கழிச்சு, 1895 நவம்பர்ல ரோன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடிக்கறார். ரெண்டே வருஷத்துல, 1897ல, ஸ்டெக்கோவ்ங்கற இன்னொரு மருத்துவர் இதே மாதிரி வீங்கின கால்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கறார். பாதத்தோட நீள எலும்புகள்ல விரிசல்! அடியே படாம எலும்பு உடைஞ்சிருக்கு. 'மார்ச் ஃப்ராக்சர்'ங்கற பேர் இப்படித்தான் நிலைச்சுது.

எலும்பு எப்படி சும்மா நடந்தே உடையும்? எலும்பு சிமென்ட் தூண் மாதிரி செத்த பொருள் இல்லை. சுமை ஏறினா அதுக்கேத்த மாதிரி தன்னை மாத்திக்கும்னு ஜூலியஸ் வொல்ஃப்ங்கற ஜெர்மன் அறுவை மருத்துவர் 1892லயே புத்தகம் போட்டார். மாத்திக்கற விதம்தான் சிக்கல். முதல்ல ஒரு வகை செல்கள் வந்து பழைய எலும்பைக் கரைச்சுக் குழி தோண்டும். அதுக்கு அப்புறம்தான் இன்னொரு வகை செல்கள் வந்து புது எலும்பை நிரப்பும். தோண்டறது வேகமா நடக்கும், நிரப்பறதுக்கு மாசக்கணக்குல ஆகும். நம்ம ஊர்ல ரோட்டைத் தோண்டிப் போட்டுட்டு, தார் போட எப்பவோ வருவாங்களே, அதே கதை. அந்த இடைவெளில, குழி இருக்கற ரோட்டுலயே தினமும் லாரி ஓட்டினா? அந்த லாரி நான்தான்.

அதாவது சுமை ஏத்தின முதல் சில வாரங்கள்ல எலும்பு பலமாகறதுக்கு முன்னாடி கொஞ்சம் பலவீனமாகும். எனக்கு வலி வந்தது அஞ்சாவது வாரம். கணக்கு சரியா இருக்கு பாருங்க.

இப்ப எக்ஸ்ரே விஷயத்துக்கு வருவோம். எக்ஸ்ரேல தெரியறது பெரும்பாலும் விரிசல் இல்லை, விரிசலை ஒட்டி உடம்பு போடற புது எலும்பு. அது படத்துல தெரியற அளவுக்கு வளர ரெண்டு மூணு வாரம், சில சமயம் இன்னும் அதிகம் ஆகும். சில பேருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. மைக்கேல் டேவாஸ்ங்கற இங்கிலாந்து அறுவை மருத்துவர் 1958ல ஓட்டக்காரங்களோட கணைக்கால் எலும்பைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினார். 'கால் வலி'ன்னு சாதாரணமாச் சொல்லிட்டு இவங்க ஓடிக்கிட்டு இருக்காங்களே, அதுல ஒரு பங்கு நிஜமாவே எலும்பு விரிசல்னு காட்டினார். ஆக, ஆரம்பத்துல எடுத்த எக்ஸ்ரே நார்மலா இருந்தா, 'இன்னும் தெரியலை'ன்னுதான் அர்த்தம், 'ஒண்ணும் இல்லை'ன்னு அர்த்தம் இல்லை. பொட்டி தட்டற நமக்கு இது தெரியாததா? லாக்ல எர்ரர் வரலைங்கறதுக்காக பக் இல்லைன்னு யாராவது சொல்வோமா? தன் காலுன்னு வரும்போது மட்டும் நம்பிடறோம்.

சரி, அப்ப முட்டிக்குக் கீழ வலிச்சா எல்லாமே விரிசலா? இல்லை. இங்கதான் ரெண்டாவது கதை. இடம் அண்டார்டிகா.

1912 ஜனவரி 17. ஸ்காட்டோட அஞ்சு பேர் கொண்ட குழு தென் துருவத்தைத் தொட்டுட்டுத் திரும்புது (அமுன்ட்சன் ஒரு மாசம் முன்னாடியே கொடி நட்டுட்டுப் போயிட்டார்ங்கறது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்). அந்த அஞ்சு பேர்ல எட்வர்ட் வில்சன் ஒரு மருத்துவர். வண்டியை மனுஷங்களே இழுத்துக்கிட்டுப் பனில நடக்கறாங்க. ஜனவரி கடைசில வில்சனுக்கு இடது கால் தாங்க முடியாத வலி. சுணங்கிப் போய் உட்காராம, மனுஷன் தன் காலையே நோயாளி கால் மாதிரி பார்த்து டைரில எழுதறார்: கணைக்காலோட முன்பக்கத் தசை முழுக்க வீங்கி இறுகி இருக்கு, மேல தோல் சிவந்து நீர் கோத்திருக்கு. அவ்வளவு குளிர்ல, அவ்வளவு பசில, அவ்வளவு துல்லியம். அப்புறம் செஞ்ச காரியம் இன்னும் முக்கியம். தன்னோட பனிச்சறுக்குக் கட்டைகளை பவர்ஸ்கிட்ட கொடுத்துட்டு, வண்டி பக்கத்துல நொண்டிக்கிட்டே நடந்து வந்தார். சுமையைக் குறைச்சார், அவ்வளவுதான். சில நாள்ல கால் தேறிடுச்சு. பிப்ரவரி 8ஆம் தேதி வழில நின்னு பாறைகள்ல புதைபடிவம் தேடற அளவுக்கு. அந்தக் கற்கள் மட்டும் கிட்டத்தட்ட 16 கிலோ. கடைசி வரைக்கும் அதை இழுத்துக்கிட்டே வந்தாங்க. வீடு திரும்பலை. 1912 நவம்பர்ல தேடிப் போனவங்க கூடாரத்துல ஸ்காட், வில்சன், பவர்ஸ் மூணு பேரோட உடலையும் கண்டுபிடிச்சாங்க. டைரியும் கிடைச்சுது, கற்களும் கிடைச்சுது.

ரொம்ப நாள் கழிச்சு அந்தக் குறிப்பைப் படிச்ச மருத்துவர்கள், உழைப்பால வர்ற 'கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம்' பத்தின முதல் விவரிப்பு இதுதான்னு சொல்றாங்க. விஷயம் இதுதான். முட்டிக்குக் கீழ தசைகள் நாலு அறையாப் பிரிஞ்சு இருக்கு. ஒவ்வொரு அறையைச் சுத்தியும் ஒரு முரட்டு உறை. தலையணைக்குள்ள பஞ்சை அமுக்கி அடைச்ச மாதிரி. ஓடும்போது தசை ரத்தம் ஏறி உப்பும், ஆனா உறை விரியாது. உள்ள அழுத்தம் ஏறி ரத்த ஓட்டமும் நரம்பும் நெருக்கப்படும். கால் கல்லு மாதிரி ஆகும், பாதம் மரத்துப் போகும். நின்னா கொஞ்ச நேரத்துல சரியாகிடும். நாளைக்கு ஓடினா அதே தூரத்துல திரும்ப வரும், அலாரம் வெச்ச மாதிரி.

1956ல மேவர்ங்கறவர் இப்படிக் கஷ்டப்பட்ட ஒரு தொழில்முறை கால்பந்து வீரருக்கு அந்த உறையை அறுவை செஞ்சு இடம் பண்ணிக் கொடுத்தார். வலி நின்னுது. 1990ல இதை அளக்கறதுக்கு எண்ணே வந்துடுச்சு: தசைக்குள்ள ஊசி வெச்சு அளந்தா ஓடறதுக்கு முன்னாடி 15, ஓடி ஒரு நிமிஷம் கழிச்சு 30, அஞ்சு நிமிஷம் கழிச்சு 20 மில்லிமீட்டர் பாதரசம், இதுல ஏதாவது ஒண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ சந்தேகப்படணும்.

இந்த வியாதியால ரொம்ப அலைக்கழிஞ்சவங்கன்னா அமெரிக்க ஓட்டக்காரி மேரி டெக்கர்தான். 1973ல 14 வயசுல, சோவியத் அணிக்கு எதிரான போட்டில மின்ஸ்க் போய் 800 மீட்டர் ஜெயிச்ச பொண்ணு. அதுக்கப்புறம் காலே பகையாகிடுச்சு. வலி, ஓய்வு, திரும்ப வலி. 1976 ஒலிம்பிக்ஸ் போச்சு. என்ன வியாதின்னு தெளிவாத் தெரியறதுக்கே வருஷக்கணக்காச்சு. தானும் இதே மாதிரி காலோட அவதிப்பட்ட நியூசிலாந்து ஓட்டக்காரர் டிக் குவாக்ஸ் (1976ல 5000 மீட்டர்ல வெள்ளி வாங்கினவர்) சொல்லித்தான் அவங்களுக்கு வழி கிடைச்சுது. அறுவை சிகிச்சை நடந்துது. 1983ல ஹெல்சின்கில நடந்த முதல் உலக தடகளப் போட்டில 1500, 3000 ரெண்டுலயும் தங்கம். யோசிச்சுப் பாருங்க, வெறும் 'ஷின் ஸ்ப்ளின்ட், ரெஸ்ட் எடு'ன்னே விட்டிருந்தா அந்த ரெண்டு தங்கம் ஏது?

மூணாவது ஆள்தான் ரொம்ப சாதாரணமா வர்றது. எலும்போட உள்பக்க ஓரம், கீழ்ப்பகுதில வர்ற வலி. 'ஷின் ஸ்ப்ளின்ட்'ங்கற வார்த்தையை ஆளாளுக்கு எல்லாத்துக்கும் பயன்படுத்தறாங்கன்னு அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966ல ஒரு வரையறை போட்டுது: விரிசலையும் ரத்த ஓட்டக் கோளாறையும் தள்ளிட்டு, தசை, தசைநார் சம்பந்தப்பட்ட வலிக்கு மட்டும்தான் இந்தப் பேர்னு. யாரு கேட்டா? 1982ல முபாரக் குழுவோட கட்டுரைக்கு அப்புறம் 'மீடியல் டிபியல் ஸ்ட்ரெஸ் சிண்ட்ரோம்'ங்கற பேர் பரவலாச்சு. கணைக்கால் எலும்போட உள்பக்கச் சுமை நோய்னு வெச்சுக்கலாம். 1995ல ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஃப்ரெடரிக்சன் குழு ஓட்டக்காரங்க காலை எம்.ஆர்.ஐ. எடுத்து நாலு படியாப் பிரிச்சாங்க. முதல் படில எலும்பு மேல இருக்கற சவ்வுல மட்டும் நீர், நடுப் படிகள்ல மஜ்ஜைலயும் நீர், நாலாம் படில கண்ணுக்குத் தெரியற விரிசல் கோடு. சவ்வு வலியும் விரிசலும் ஒரே ஏணியோட கீழ்ப் படியும் மேல் படியுமா இருக்கலாம்னு அந்தப் படங்கள் காட்டிச்சு. அதாவது கீழ்ப் படில நிக்கும்போது நின்னுட்டா, நாலாம் படிக்கு ஏற வேண்டாம்.

நான் ரெண்டாவதா பார்த்த டாக்டர் மேடம் இந்த வரலாறு எதையும் சொல்லலை. கட்டை விரலால எலும்பு ஓரத்தைக் கீழே இருந்து மேல வரைக்கும் அமுக்கிக்கிட்டே வந்தாங்க. ஒரு இடத்துல, எட்டணா அளவு இடம், "ஆ"ன்னு கத்திட்டேன். "பாண்டி ஆடற மாதிரி ஒத்தக்கால்ல குதிங்க"ன்னாங்க. முடியலை. "ராத்திரி வலிக்குதா?" ஆமா மேடம். எம்.ஆர்.ஐ. எடுத்ததுல ரெண்டாம் படி. விரிசல் கோடு இல்லை, மஜ்ஜைல நீர் இருக்கு. இன்னும் ரெண்டு வாரம் ஓடியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் கேக்கலை, அவங்களும் சொல்லலை.

நூத்தம்பது வருஷ அறிவை அந்த ரெண்டு நிமிஷத்துல பயன்படுத்தினாங்கன்னு பின்னாடிதான் புரிஞ்சுது. நான் புரிஞ்சுக்கிட்டது இது. வலி அஞ்சு சென்டிமீட்டருக்கு மேல நீளமாப் பரவி, ஓடச்சொல்ல ஆரம்பத்துல வந்து சூடானதும் குறைஞ்சா, பெரும்பாலும் சவ்வு வலி. ஒரே புள்ளில குத்தி, குதிக்க முடியாம, சும்மா இருக்கும்போதும் ராத்திரியும் வலிச்சா விரிசலைச் சந்தேகப்படணும், ஓட்டத்தை அன்னிக்கே நிறுத்தணும். வலி எலும்போட முன் விளிம்புல இருந்தா இன்னும் உஷார், அங்க ரத்த ஓட்டம் குறைவு, ஆறறது கஷ்டம். ஓடும்போது குறிப்பிட்ட நேரத்துல இறுகி, மரத்து, நின்னா போயிட்டா, அது அறை அழுத்தம். ஓய்வு எடுத்தும் அழுத்தமும் மரப்பும் குறையாம ஏறிக்கிட்டே போனா காத்திருக்கவே கூடாது, உடனே ஆஸ்பத்திரி. கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கிச் சூடா இருந்தா ரத்தக்கட்டியாக்கூட இருக்கலாம், அதுவும் உடனே.

குணமாகறதுக்கும் ஒரு வரலாறு இருக்கு. ஐஸ் வெக்கறதுங்கற 'ரைஸ்' சூத்திரத்தை 1978ல எழுதினவர் கேப் மிர்கின்ங்கற அமெரிக்க டாக்டர். அவரே 2014ல, ஐஸ் குணமாகறதைத் தாமதப்படுத்தலாம்னு மாத்திச் சொல்லிட்டார். வலி குறைய வெச்சுக்கலாம், ஆனா அதை மருந்துன்னு நெனச்சு ஓடக்கூடாது. வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல தூரத்தைக் கூட்டாதேங்கற பிரபலமான விதியை நெதர்லாந்துல 532 புது ஓட்டக்காரங்களை வெச்சு சோதிச்சு 2008ல வெளியிட்டாங்க. மெதுவாக் கூட்டினவங்க, வழக்கமான திட்டத்துல போனவங்க ரெண்டு தரப்புலயும் அஞ்சுல ஒருத்தருக்குக் காயம். மந்திர எண் எதுவும் கிடையாது. (அதுக்காக என்னை மாதிரி ஆறு வாரத்துல பத்து மடங்கு கூட்டலாம்னு அர்த்தம் இல்லை, ஹி ஹி.)

என்னை ரொம்ப உலுக்கினது இஸ்ரேல் ராணுவக் கதை. 1980களோட ஆரம்பத்துல 295 புதுச் சிப்பாய்களைக் கவனிச்சதுல 31 சதவீதம் பேருக்கு எலும்பு விரிசல். மூணுல ஒருத்தர்! பூட்ஸை மாத்தினாங்க, என்னென்னவோ பண்ணிப் பார்த்தாங்க. இருபத்தஞ்சு வருஷப் போராட்டத்தை மில்க்ரோமும் ஃபைன்ஸ்டோனும் 2008ல எழுதினாங்க. பெருசா கைகொடுத்தது ரெண்டே விஷயம்: மொத்த மார்ச் தூரத்தைக் குறைச்சது, ராத்திரி குறைஞ்சது ஆறு மணி நேரத் தூக்கத்தைக் கட்டாயமாக்கினது. விரிசல் அறுபது சதவீதத்துக்கு மேல குறைஞ்சுது.

டாக்டர் மேடம் என்கிட்ட கேட்ட கடைசிக் கேள்வி, "எத்தனை மணி நேரம் தூங்கறீங்க?" அப்ப, கால் வலிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு நெனச்சேன். ராத்திரி ஒரு மணிக்கு கால் முடிச்சு, அஞ்சு மணிக்கு அலாரம் வெச்சு எழுந்தவனோட எலும்புல, தோண்டின குழியை யார் எப்ப வந்து நிரப்புவாங்க?

பத்து வாரம். முதல் மூணு வாரம் நடை மட்டும், அதுவும் வலிக்காத அளவுக்கு. அப்புறம் சைக்கிள், நீச்சல். கெண்டைச்சதைக்குப் படிக்கட்டுல குதிகால் தூக்கற பயிற்சி. அம்மா போன்ல, "ஓடினது போதும்டா, ஒழுங்காத் தின்னு"ன்னாங்க. அதுவும் சரிதானாம், சாப்பாடு பத்தாதவங்க எலும்பு சீக்கிரம் விட்டுடும். டீம்ல மத்த மூணு பேரும் போட்டில ஓடி மெடலோட போட்டோ அனுப்பினாங்க. கொஞ்சம் வயித்தெரிச்சல்தான், மறைப்பானேன்.

போன வாரத்துல இருந்து திரும்ப ஆரம்பிச்சிருக்கேன். ஒரு நிமிஷ ஓட்டம், ரெண்டு நிமிஷ நடை. அடியைக் கொஞ்சம் சின்னதா, வேகமா எடுத்து வெக்கறேன். மறுநாள் காலைல எழுந்ததும் முதல் வேலை, கட்டை விரலால அந்த எட்டணா இடத்தை அமுக்கிப் பார்க்கறது. இன்னிக்கும் வலிக்கலை. அமெரிக்காக்காரன்கிட்ட, காலை ராத்திரி பத்து மணிக்கு முன்னாடி வெச்சுக்கலாமான்னு கேட்டேன். "ஷ்யூர்"னுட்டான். இதை மூணு மாசம் முன்னாடியே கேட்டிருக்கலாம்.

டிஸ்கி: நான் பொட்டி தட்டறவன், டாக்டர் இல்லை. கால் வலிச்சா என்னை நம்பாம, எலும்பு ஓரத்தை விரலால அமுக்கிப் பார்க்கற ஒரு நல்ல டாக்டரைப் போய்ப் பாருங்க.